விந்துக்குள் இருக்கும் அபினும் சட்டைப் பையில் இருக்கும் மாத்திரையும்

கேள்வி: எனக்கு வயது 33, மனைவிக்கு 30. திருமணமாகி இரண்டரை ஆண்டுகள் ஆகியும் குழந்தை இல்லை. விந்துப் பரிசோதனையில் அளவு 1.2 மி.லி., எண்ணிக்கை மில்லி லிட்டருக்கு 3.4 கோடி, முன்னோக்கி நீந்தும் அணுக்கள் 17 சதவீதம் என்று வந்திருக்கிறது. வீட்டிலேயே எடுத்து, கெட்டுப்போகாமல் இருக்க ஐஸ் வைத்து, பேருந்தில் ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து கொண்டுபோய்க் கொடுத்தேன். விந்தில் எண்டார்பின் என்ற இயற்கையான அபின் இருப்பதாகவும், அது குறைந்தால் அணுக்கள் நீந்தாது என்றும், அதைக் கூட்டுவதற்கு ஒரு பொடி இருப்பதாகவும் தெரிந்தவர் ஒருவர் சொன்னார். பொடியையும் வாங்கிவிட்டேன், இன்னும் பிரிக்கவில்லை. இந்த எண்டார்பினை அளக்கப் பரிசோதனை உண்டா? தினமும் ஓடினால் அது கூடுமா? கசகசா சேர்த்துக்கொள்ளலாமா? லாரி ஓட்டுவதால் வரும் முதுகுவலிக்கு ஒன்றரை ஆண்டாக டிரமடால் மாத்திரை நாளுக்கு இரண்டு போடுகிறேன். மற்றபடி எனக்கு எந்தக் குறையும் இல்லை.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் விரிவாகக் கேட்டிருக்கும் எண்டார்பினைக் காட்டிலும், போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன இரண்டு விவரங்களே, அதாவது ஐஸ் வைத்துக் கொண்டுபோனதும் முதுகுவலி மாத்திரையுமே, எனக்கு முக்கியமாகப் படுகின்றன. ஆயினும் முதலில் உங்கள் கேள்விக்கே வருகிறேன். அது சரியாக விளங்கிவிட்டால், மாத்திரையைப் பற்றி நான் பின்னால் சொல்லப்போவதை நீங்களே பாதி ஊகித்துவிடுவீர்கள்.

உங்களிடம் சொன்னவர் முழுப் பொய் சொல்லவில்லை. அபினில் உள்ள மார்பின் உடலின் எந்தப் பூட்டுகளைத் திறக்கிறதோ, அதே பூட்டுகளைத் திறக்கும் சாவிகளை நம் உடல் தானாகவே செய்துகொள்கிறது. 1975-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஜான் ஹியூஸ், ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸ் ஆகியோரின் குழு பன்றி மூளையிலிருந்து இவற்றில் முதல் இரண்டைப் பிரித்தெடுத்து, அவற்றுக்கு என்கெபலின் என்று பெயரிட்டது. ஐந்தே ஐந்து அமினோ அமிலங்கள் கோத்த மிகச் சிறிய புரதத் துண்டுகள் அவை. இத்தகைய துண்டுகளைத்தான் பெப்டைடு என்கிறோம். அடுத்துக் கண்டறியப்பட்ட பீட்டா எண்டார்பின் 31 அமினோ அமிலங்கள் கொண்ட நீளமான சங்கிலி.

அந்த அபர்டீன் கண்டுபிடிப்பில் உங்கள் கேள்வியோடு நேரடியாகத் தொடர்புடைய ஒரு செய்தி உண்டு. மூளைச் சாற்றில் மார்பினைப் போன்ற பொருள் இருக்கிறதா என்று அறிய அவர்கள் பயன்படுத்திய கருவிகளில் ஒன்று சுண்டெலியின் விந்துக்குழாய். ஆண்களுக்கான குடும்பக் கட்டுப்பாட்டு அறுவையில் கட்டித் துண்டிக்கிறோமே, அதே குழாய்தான். அதை உப்புநீர்க் கலத்தில் தொங்கவிட்டு இலேசான மின்சாரம் பாய்ச்சினால் அது சுண்டிச் சுண்டி இழுக்கும். மார்பின் சேர்த்தால் அந்தத் துடிப்பு தணியும். மார்பினின் பிடியை விலக்கும் நலோக்சோன் என்ற மருந்தைச் சேர்த்தால் துடிப்பு திரும்பும். மூளைச் சாறும் அவ்வாறே துடிப்பைத் தணித்தது, நலோக்சோன் அதையும் மீட்டது. பின்னர் இந்தப் பூட்டுகளை, அதாவது ஏற்பிகளை, மியூ, கப்பா, டெல்டா என்று வகைப்படுத்தியபோது, விந்துக்குழாயின் லத்தீன் பெயரான வாஸ் டெஃபரன்ஸில், இரண்டாம் சொல்லின் முதலெழுத்தைக் கொண்டே டெல்டாவுக்குப் பெயர் வைத்தார்கள். ஆக, இந்தப் பொருள்களுக்கும் ஆண் இனப்பெருக்க உறுப்புகளுக்கும் உள்ள உறவு யாரோ பொடி விற்பதற்காகக் கட்டிய கதையன்று. அந்தத் துறை பிறந்த நாளிலிருந்தே உள்ள உறவு அது.

1980-களில் விந்துத் திரவத்திலேயே என்கெபலினும் பீட்டா எண்டார்பினும் இருப்பதை ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். ரத்தத்தில் இருப்பதைவிட விந்தில் அவற்றின் செறிவு கூடுதலாக இருந்தது. இவை மூளையிலிருந்து கீழே இறங்கி வருவன அல்ல. விரையும் அதைச் சார்ந்த சுரப்பிகளும் தாமே இவற்றைச் செய்கின்றன; விரையில் டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும் லேடிக் செல்களிலேயே எண்டார்பினின் மூலப் புரதம் உருவாகிறது. விந்தணு என்பது தன் மரபணுக்களைச் சுருட்டிப் பூட்டி வைத்துக்கொண்டு புறப்பட்ட ஒரு பயணி. வழியில் புதிதாக எதையும் சமைத்துக்கொள்ள அதனால் பெரும்பாலும் இயலாது. எனவே வேகத்தைக் கூட்டுவது, குறைப்பது, முட்டையை நெருங்கும்போது தலைக்கவசத்தைத் திறப்பது ஆகிய யாவற்றுக்கும் அது வெளியிலிருந்து வரும் சைகைகளையே நம்பியிருக்கிறது. இந்தப் பெப்டைடுகள் அத்தகைய சைகைகளில் ஒரு வகை.

இனிதான் உங்கள் நண்பரின் கணக்கு இடறுகிறது. 2006-இல் ஸ்பெயினின் பாஸ்க் நாட்டுப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மனித விந்தணுவின் மேற்பரப்பில் மேற்சொன்ன மூன்று வகை ஏற்பிகளும் இருப்பதைக் காட்டினார்கள். பிறகு ஒவ்வொன்றையும் தனித்தனியே தூண்டியும் அடைத்தும் பார்த்தார்கள். மியூ ஏற்பியை மார்பினால் தூண்டியபோது முன்னோக்கி நீந்தும் அணுக்களின் விகிதம் குறைந்தது. நலோக்சோன் சேர்த்தபோது அந்தக் குறைவு தடுக்கப்பட்டது. டெல்டா ஏற்பியிலோ நிலைமை நேர்மாறு: அதை அடைத்தபோதுதான் நீச்சல் குறைந்தது, மேலும் தூண்டியபோது குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. கப்பாவைத் தூண்டினாலும் அடைத்தாலும் நீச்சலில் வேறுபாடு தெரியவில்லை.

இந்த முடிவைச் சற்று நிதானமாகப் படியுங்கள். டெல்டா வழியாக வரும் இயற்கைச் சைகை அணுக்களின் நீச்சலுக்குத் தேவைப்படுகிறது போலும். ஆனால் ஏற்கெனவே இருப்பதற்கு மேல் அதைத் தூண்டுவதால் ஆதாயம் ஏதும் இல்லை. மியூ வழியாக வருவதோ கூடினால் கெடுதல். ஒரே குடும்பத்துப் பொருள்கள், ஒரே அணுவின் மேல், எந்தப் பூட்டைத் திறக்கின்றன என்பதைப் பொறுத்து எதிரெதிராக வேலை செய்கின்றன. குறைந்தால் கெடுதல், கூடினால் நன்மை என்னும் கணக்கு இங்கே செல்லாது. உடலும் அதை அறிந்தே நடந்துகொள்கிறது: விந்துத் திரவத்திலேயே இந்தப் பெப்டைடுகளை வெட்டிச் சிதைக்கும் நெப்ரிலைசின், அமினோபெப்டிடேஸ் போன்ற நொதிகளையும் சேர்த்தே அனுப்புகிறது. அடுப்பைப் பற்றவைத்தவரே பக்கத்தில் தண்ணீர்க் குடத்தையும் வைத்துவிட்டுப் போனது போன்ற ஏற்பாடு. தவிர, மேலே சொன்னவை யாவும் ஆய்வகக் கிண்ணத்தில் கண்டவை. குழந்தை பிறந்ததா இல்லையா என்ற கணக்கு அவற்றில் இல்லை.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு விடை இதுதான்: விந்தில் எண்டார்பினையோ என்கெபலினையோ அளந்து அதை வைத்துச் சிகிச்சையை முடிவு செய்யும் பரிசோதனை மருத்துவ நடைமுறையில் இல்லை. இயல்பான அளவு இன்னது என்ற வரையறையும் வகுக்கப்படவில்லை. நாளை எவராவது அப்படியொரு பரிசோதனைக்குப் பணம் கேட்டால், அந்தப் பணத்துக்கு உங்கள் மனைவிக்கு ஒரு ஸ்கேன் எடுங்கள் என்பேன்.

பொடியைப் பிரிக்காமல் வைத்திருப்பது நல்லதாயிற்று. அதில் உண்மையிலேயே இந்தப் பெப்டைடுகள் இருந்தால், பருப்பையும் முட்டையையும் செரிப்பது போலவே வயிறும் குடலும் அவற்றையும் செரித்துவிடும். விரை வரை எதுவும் போய்ச் சேராது. அவை இல்லாமல் வேறு ஏதேனும் இருந்தால் கவலை இன்னும் கூடுதல். ஆண்மைக்கென விற்கப்படும் லேகியங்களிலும் குளிகைகளிலும் அபினே சரக்காகச் சேர்வது பழைய வழக்கம். காமினி வித்ராவண ரசம் என்ற மரபு மருந்தின் செய்முறையிலேயே அபின் உண்டு. விந்து வெளியேறுவதை அபின் தாமதப்படுத்தும் என்பதால் அந்தச் சேர்க்கை. சில நிமிடங்களைக் கூட்டித் தருகிற அதே பொருள், மாதக்கணக்கில் உட்கொண்டால் விந்தணுவுக்கு என்ன செய்யும் என்பது அடுத்த பகுதியில் தெரியும்.

டிரமடால் மாத்திரையை முதுகுவலி மருந்து என்று எழுதியிருக்கிறீர்கள், சரிதான். ஆனால் அது பாராசிட்டமால் போன்ற சாதாரண வலி மருந்தன்று. கல்லீரலில் மாற்றமடைந்த பின் அது மியூ ஏற்பியைத் தூண்டும் ஓபியாய்டு, அதாவது மார்பினின் தூரத்து உறவு. இந்தியாவில் 2018 முதல் அது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள்ளும் வந்துவிட்டது. விந்துக்குள் அபின் போதவில்லையோ என்று கவலைப்படும் நீங்கள், ஒன்றரை ஆண்டாக நாளுக்கு இரண்டு வேளை அதன் இனத்தையே வெளியிலிருந்து ஏற்றிக்கொண்டிருக்கிறீர்கள்.

இதனால் வரும் பாதிப்பு பெரும்பாலும் விந்தணுவிலிருந்து தொடங்குவதில்லை, மூளையிலிருந்து தொடங்குகிறது. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைபோதலாமஸ், ஏறத்தாழ ஒன்றரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, சொட்டுச் சொட்டாக ஒரு ஹார்மோனை விடுகிறது. அந்தச் சொட்டு விழும்போதெல்லாம் பிட்யூட்டரி சுரப்பி எல்.எச். என்ற ஹார்மோனை ரத்தத்தில் சேர்க்கிறது. அதைக் கேட்டு விரை டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கிறது. அதைக் கொண்டு விந்தணு உற்பத்தியும், விந்துப்பை, புராஸ்டேட் ஆகியவற்றின் சுரப்பும் நடக்கின்றன. இந்தச் சொட்டுகளின் வேகத்துக்கு நம் உடலின் சொந்த எண்டார்பினே ஓர் இயல்பான பிரேக். ஆரோக்கியமான ஆணுக்கு நலோக்சோன் கொடுத்துப் பிரேக்கை விலக்கினால் எல்.எச். ஏறுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நீங்கள் லாரி ஓட்டுபவர். பிரேக் பிடிப்பதும் விடுவதுமாக இறக்கத்தில் இறங்குவதற்கும், பிரேக் மிதியின் மேல் ஒரு கல்லைத் தூக்கி வைத்துவிட்டு வண்டியை இழுப்பதற்கும் உள்ள வேறுபாடு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீண்ட நாள் ஓபியாய்டு மாத்திரை அந்தக் கல்.

என்கெபலின் கண்டுபிடிப்பு வெளியான அதே 1975-இல், அமெரிக்காவில் மெத்தடோன் என்ற ஓபியாய்டு மருந்தைத் தொடர்ந்து எடுத்துக்கொண்ட 29 ஆண்களைப் பற்றிய ஓர் ஆய்வும் வெளியாயிற்று. அவர்களுடைய விந்தின் அளவு, விந்துப்பை மற்றும் புராஸ்டேட்டின் சுரப்புகள், ஆகிய யாவும் பாதிக்கு மேல் குறைந்திருந்தன; டெஸ்டோஸ்டிரோன் சுமார் 43 சதவீதம் தாழ்ந்திருந்தது. மில்லி லிட்டருக்கு உள்ள எண்ணிக்கை மட்டும் குறையவில்லை, திரவம் வற்றியதால் கூடவே செய்திருந்தது. ஆனால் அணுக்களின் நகர்வு மிகவும் மோசம். இப்போது உங்கள் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டுக் கையேட்டின்படி கீழ் எல்லைகள்: அளவு 1.4 மி.லி., எண்ணிக்கை மில்லி லிட்டருக்கு 1.6 கோடி, முன்னோக்கிய நகர்வு 30 சதவீதம். உங்களுக்கு அளவு சற்றுக் குறைவு, எண்ணிக்கை தாராளம், நகர்வு குறைவு. ஒத்துப்போகிறது அல்லவா? ஒத்துப்போகிறது என்பதற்காகவே இதுதான் காரணம் என்று நான் முடிவு கட்டிவிடமாட்டேன். டிரமடால் மெத்தடோனைவிடப் பலம் குறைந்த மருந்து. உங்கள் மாத்திரை 50 மில்லி கிராமா 100 மில்லி கிராமா என்பதையும் நீங்கள் எழுதவில்லை. அதோடு, உங்கள் அறிக்கையையே நான் இன்னும் முழுதாக நம்பத் தயாரில்லை.

காரணம், அந்த ஐஸ். நல்ல மாதிரியில் ஒரு சொட்டை 37 டிகிரிச் சூட்டில் வைத்து நுண்ணோக்கியில் குனிந்து பார்த்தால், சில அணுக்கள் பார்வை வட்டத்தை நேர்க்கோட்டில் கடந்து மறையும். சில செக்குமாடு போல வந்த வழியே சுற்றும். சில இருந்த இடத்திலேயே வாலை மட்டும் அடித்துக்கொண்டிருக்கும். சில அசையவே அசையா. இருநூறு அணுக்களை இப்படி வகை பிரித்து எண்ணி, மறுபடியும் ஒரு சொட்டு எடுத்து இன்னொரு இருநூறை எண்ணுவது முறை. ஐஸில் குளிர்ந்து, ஒன்றரை மணி நேரம் கழித்து வரும் மாதிரியில் முதல் வகை அணுக்கள் பல, நீந்தும் திறனை இழந்து மற்ற வகைகளுக்குப் போய்விடுகின்றன. குளிர் அதிர்ச்சி அவற்றின் மேலுறையையே சேதப்படுத்தக்கூடும். பாலைக் கெடாமல் வைக்கும் வழி விந்துக்குப் பொருந்தாது. ஆய்வகத்தை ஒட்டிய அறையிலேயே எடுத்துக் கொடுப்பது உத்தமம். முடியாவிட்டால் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோக வேண்டும். கடைசியாக விந்து வெளியேறி எத்தனை நாள் ஆயிற்று என்பதையும் நீங்கள் எழுதவில்லை. இரண்டுக்குக் குறையாமல் ஏழுக்கு மேற்படாமல் இடைவெளி இருக்க வேண்டும். முதல் நாளே வெளியேறியிருந்தாலும், கிண்ணத்தில் பிடிக்கும்போது கொஞ்சம் சிந்தியிருந்தாலும் 1.2 மி.லி. என்பதற்கு வேறு விளக்கமே தேவையில்லை. சிந்தியதை ஆய்வகத்தில் சொல்லக் கூச்சப்படும் ஆண்களே அதிகம்.

எனவே முதல் வேலை, முறைப்படி எடுத்த மாதிரியில் இன்னொரு பரிசோதனை. அதே வாரத்தில், காலை பத்து மணிக்குள், வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்து டெஸ்டோஸ்டிரோன், எல்.எச்., அதே பிட்யூட்டரி சுரக்கும் வேறு இரு ஹார்மோன்களான எப்.எஸ்.எச்., புரோலாக்டின் ஆகிய நான்கையும் பாருங்கள். டெஸ்டோஸ்டிரோனும் குறைந்து எல்.எச்.சும் குறைவாகவே இருந்தால் குறை விரையில் இல்லை, மேலே மூளையில் பிரேக் இறுகியிருக்கிறது என்று பொருள். அண்மைக் காலமாக ஆசை குறைந்திருக்கிறதா, சவரம் செய்யும் இடைவெளி நீண்டிருக்கிறதா என்பதையும் யோசித்து வையுங்கள், மருத்துவர் கேட்பார். விரைப்பையில் ரத்தக் குழாய்கள் புடைத்திருக்கும் வெரிகோசீல் உண்டா என்பதை நிற்க வைத்து, கையால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். குழந்தையின்மைக்காக வரும் ஆண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் அது காணப்படுகிறது; நாள் முழுவதும் இருக்கையில் அமர்ந்திருப்பவர்களிடம் அதைத் தேடாமல் விடக் கூடாது.

டிரமடாலை நாளைக் காலையே தூக்கி எறிந்துவிடாதீர்கள் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ஒன்றரை ஆண்டு பழகிய உடலிலிருந்து அதைத் திடீரென்று நிறுத்தினால் தூக்கமின்மை, வியர்வை, பதற்றம், வயிற்றுப்போக்கு, தாங்கமுடியாத உடல்வலி எல்லாம் வரும். அப்போது பெரும்பாலோர் முன்பைவிட ஒன்று கூடுதலாகப் போட்டுக்கொள்வார்கள். வலி சிகிச்சை மருத்துவரையோ எலும்பு மருத்துவரையோ நேரில் பார்த்து, முதுகுவலிக்கு என்ன காரணம் என்று அறிந்து, உடற்பயிற்சிச் சிகிச்சை தொடங்கி, மாத்திரையை வாரக் கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். மருந்துக்கடையில் அண்ணனுக்கு என்று சொல்லி வாங்குவதாக இருந்தால் அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். தூக்கக் கலக்கமும் சில வேளைகளில் வலிப்பும் ஏற்படுத்தக்கூடிய மாத்திரை இது. அதைப் போட்டுக்கொண்டு இரவில் லாரி ஓட்டுவது, குழந்தைப் பிரச்சினைக்கும் முன்னால் கவனிக்க வேண்டிய ஒன்று. இன்னொரு கேள்வியை நேரில் கேட்டிருப்பேன், இங்கே எழுதுகிறேன்: விந்து தாமதமாக வெளியேறும் என்பதற்காகவும் இந்த மாத்திரையை நீங்கள் விரும்புகிறீர்களா? டிரமடாலுக்கு அந்த விளைவு உண்டு. அப்படியானால் அதற்குத் தனியே பாதுகாப்பான சிகிச்சை இருக்கிறது, வெட்கப்பட ஏதுமில்லை.

ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்று வந்தால், எவர் சொன்னாலும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்ள வேண்டாம். வெளியிலிருந்து வரும் டெஸ்டோஸ்டிரோன் மூளைக்கு ‘இங்கே போதுமான சரக்கு இருக்கிறது’ என்று தவறான தகவல் சொல்லி எல்.எச்.சை மேலும் அடக்கும். விந்தணு எண்ணிக்கை பூஜ்யம் வரை இறங்கலாம். உடற்பயிற்சிக் கூடங்களில் தசைக்காக ஊசி போட்டுக்கொண்டு, பிறகு குழந்தைக்காக எங்களைத் தேடி வரும் இளைஞர்களின் கதை அதுவே.

ஓடுவதைப் பற்றி: ஓட்டம் ரத்தத்தில் எண்டார்பினைக் கூட்டும் என்பது மெய், விந்தில் உள்ளது அதனால் கூடும் என்று கொள்ள முடியாது. நீங்கள் நடக்க வேண்டியது வேறு காரணத்துக்காக. விரைகள் உடம்பின் சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி குறைவான சூட்டிலேயே நன்றாக வேலை செய்யும். மணிக்கணக்காக இருக்கையில் அமர்ந்திருந்தால் அங்கே சூடு ஏறும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை ஓரம் கட்டிப் பத்து நிமிடம் நடந்தால் விரைக்கும் நல்லது, முதுகுக்கும் நல்லது. கசகசாவின் மேல் ஒட்டியிருக்கும் மார்பின் மிக மிகச் சொற்பம். குருமாவில் அரைத்து ஊற்றும் ஒரு கரண்டியால் விந்தணுவுக்கு நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. வளைகுடா நாட்டுக்கோ சிங்கப்பூருக்கோ போகிறவர் கையில் மட்டும் கொடுத்தனுப்பாதீர்கள். அங்கே விமான நிலையத்திலேயே பிடித்துக்கொள்வார்கள்.

ஒரு விந்தணு உருவாகி முதிர்ந்து வெளியே வர ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆகும். ஆகவே மாத்திரையை முழுவதும் விட்ட நாளிலிருந்து மூன்று மாதம் கழித்து எடுக்கும் பரிசோதனைதான் உண்மை நிலவரத்தைக் காட்டும். இடையில் மாதாமாதம் எடுத்து மனத்தைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்த மூன்று மாதமும் உங்கள் மனைவியின் பரிசோதனைகள் காத்திருக்க வேண்டியதில்லை. முட்டை வெளியேற்றம், கருக்குழாய் ஆகியவற்றை இப்போதே பார்த்துவிடலாம். அதன் பிறகும் நகர்வு 30 சதவீதத்தை எட்டாவிட்டால், விந்தணுக்களைக் கருப்பைக்குள் செலுத்தும் ஐ.யூ.ஐ. போதுமா, ஆய்வகத்தில் ஒரே ஓர் அணுவை முட்டைக்குள் செலுத்தும் இக்ஸி தேவைப்படுமா என்பதை இருவரின் முடிவுகளையும் ஒன்றாக வைத்துப் பேசலாம். முதல் சந்திப்புக்குப் போகும்போது பழைய அறிக்கையையும், டிரமடால் அட்டையையும், அந்தப் பொடிப் பொட்டலத்தையும் பிரிக்காமல் அப்படியே எடுத்துச் செல்லுங்கள்.